டிவி பொம்மைகள் குட்டிப் பிள்ளைகளை எப்படி இழுக்கின்றன? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பொம்மை வைத்துத் தமிழில் கதை சொல்வது என் வேலை. கதை முடிந்ததும் பிள்ளைகள் பொம்மையிடம் ஓடுவார்கள், பெற்றோர் என்னிடம் வருவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் அதிகம் செசமி ஸ்ட்ரீட்டிலிருந்து வரும். பொம்மை செய்பவர்களையும் குழந்தை உளவியல் ஆராய்ச்சியாளர்களையும் ஆரம்பத்திலிருந்தே ஒரே மேசையில் உட்கார வைத்த நிகழ்ச்சி அது.

பாடம் சொல்லித்தர ஒரு நல்ல ஆசிரியர் போதாதா? பொம்மை எதற்கு?

செசமி ஸ்ட்ரீட் 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன், ஜூலை மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஐந்து மாதிரி நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும்தான். பொம்மைகள் தனிக் காட்சிகளில் வந்துபோயின. நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள்.

பிள்ளைகள் குழம்பவில்லை, அவர்களுக்குப் போரடித்தது. பொம்மை வந்தால் கண் டிவியில் இருந்தது. தெருவும் பெரியவர்களும் வந்தால் கண் வேறெங்கோ போனது.

இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆராய்ச்சிக்குப் பொறுப்பான எட்வர்ட் பாமர், டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்து, அதில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறும்படி செய்தார். பிள்ளையின் பார்வை எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் படத்துக்குப் போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். "பிடித்திருக்கிறதா?" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். அதனால் வாயை விட்டுவிட்டுக் கண்ணைக் கேட்டார்கள்.

ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிறகு நிபுணர்களின் யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, மனிதர்களோடு அதே தெருவில் வாழும் பொம்மைகளைப் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் குழு உருவாக்கியது. மஞ்சள் பறவை பிக் பேர்டும், குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் அப்படி வந்தவர்கள்தான்.

கண் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டை உடம்பு. இவற்றைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சத் தோன்றுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். நாய்க்குட்டிக்கும் பச்சைக் குழந்தைக்கும் பொதுவான அடையாளங்கள் இவை. பொம்மை செய்பவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் என் கணக்கில் கண்ணின் அளவு இரண்டாம்பட்சம். கண்மணி எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சரியாக நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். அந்த முகம் உங்களைத் தாண்டி எங்கோ வெறித்துப் பார்க்கும். இப்போது இரண்டு புள்ளியையும் மூக்குப் பக்கம் துளி நகர்த்திப் பாருங்கள். சட்டென்று உங்களையே பார்க்கும். ஹென்சனின் பட்டறையில் டான் சாலின் என்ற பொம்மைக் கலைஞர் இதில் கைதேர்ந்தவர். இரண்டு கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒரு முக்கோணமாக அமைய வேண்டும், பார்வை அதன் நடுவிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பொம்மை முழுசாகத் தயாராகி, கடைசியில்தான் கண்ணை ஒட்டுவார்கள். கேமரா முன் வைத்துப் பார்த்து, அரை மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்த்தி.

பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே தன்னை நேராகப் பார்க்கும் முகத்தைத் தேடிப் பார்க்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் பொம்மை பிடித்துக்கொள்கிறது.

செசமி ஸ்ட்ரீட்டின் குக்கீ மான்ஸ்டர் பொம்மையை மட்டும் கவனியுங்கள். அதன் கண்மணிகள் கண்ணுக்குள் தளர்வாக உருண்டுகொண்டே இருக்கும், ஆளுக்கொரு திசையில். பிஸ்கட்டைத் தவிர எதிலும் புத்தி நிலைக்காத ஆசாமிக்கு அதைவிடப் பொருத்தமான கண் அமையாது.

நிறம்? பளிச்சென்று இருந்தால் போதும்தானே?

பளிச்சென்று இருப்பதைவிடத் திரையில் தெளிவாகத் தெரிவது முக்கியம். பிரிட்டனில் சூட்டி என்ற கரடிப் பொம்மை இருக்கிறது. ஹாரி கார்பெட் என்பவர் 1948இல் பிளாக்பூல் கடற்கரையில் வாங்கியது. கறுப்பு வெள்ளை டிவியில் முகம் எடுபட வேண்டும் என்று காதிலும் மூக்கிலும் கரியைப் பூசினார். ஆஸ்கர் முதல் ஆண்டில் ஆரஞ்சு நிறம், இரண்டாம் ஆண்டிலிருந்து பச்சை. பிள்ளைகள் அதனால் ஆஸ்கரை மறந்துவிடவில்லை.

எல்மோ ஏன் குழந்தை மாதிரியே பேசுகிறது? அதைக் கேட்டு என் மகளும் அப்படியே பேசிப் பழகிவிட மாட்டாளா?

செசமி ஸ்ட்ரீட்டின் சிவப்புப் பொம்மை எல்மோவுக்கு வயது மூன்றரை. எத்தனை ஆண்டுகள் போனாலும் மூன்றரைதான். "எனக்கு வேண்டும்" என்று சொல்லாமல் "எல்மோவுக்கு வேண்டும்" என்று சொல்லும். அந்த வயதுப் பிள்ளைகள் பலர் தங்களைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். நம் வீட்டில் "பாப்பாவுக்குப் பசிக்குது" என்று கேட்டதில்லையா? பாப்பா வளர்ந்ததும் அது தானாகப் போய்விடும். கவலை வேண்டாம்.

பாலர் பள்ளி வயதுக்கான பொம்மைக்கு முகத்தைவிட வயதுதான் முதலில் முடிவாக வேண்டும் என்று நினைக்கிறேன். பொம்மை, பார்க்கும் பிள்ளையைவிடத் துளி குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த பொம்மை இன்னொரு ஆசிரியர் ஆகிவிடும். ஒன்றுமே தெரியாத பொம்மையைக் கண்டால் பிள்ளைக்கு அலுத்துவிடும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை எழுந்து நின்று "இல்ல இல்ல, அது நாலு!" என்று கத்தும்.

பிக் பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அது ஒரு அசட்டுப் பறவை, தலையில் இறகுகூட அதிகம் கிடையாது. அதை இயக்கிய கேரல் ஸ்பின்னி, இதை ஒரு சிறுபிள்ளையாக நடிக்கலாமே என்றார். பிறகு அது ஆறு வயதுப் பிள்ளையாக மாறியது, தலையும் இறகும் அதற்கேற்ப மாறின. எட்டடி உயரம் இருந்துகொண்டு சின்ன விஷயம்கூடத் தெரியாது என்றால், மூன்றடிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சோகமான, கஷ்டமான விஷயங்களைப் பொம்மை பேசலாமா?

பேசலாம். சில விஷயங்களைப் பொம்மையால்தான் பேச முடியும்.

செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், வெளியூர் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983இல் ஒரு நிகழ்ச்சியில் பிக் பேர்ட் தான் வரைந்த படத்தைக் கொடுக்க ஹூப்பரைத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது ஏன் என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை ஒரு பெரியவர் கேட்டிருந்தால் நாடகமாக இருந்திருக்கும். பிக் பேர்ட் கேட்டபோது, பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கேள்வியாகவே அது இருந்தது.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். பிக் பேர்டுக்கு ஸ்னஃபி என்று ஒரு நண்பன், யானை போன்ற பெரிய உருவம். பெரியவர்கள் வரும்போதெல்லாம் ஸ்னஃபி போயிருக்கும். பல ஆண்டுகள் யாருமே நம்பவில்லை, பிக் பேர்டின் கற்பனை என்றார்கள். பார்த்த பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஆனால் எண்பதுகளில், சிறுவர் மீதான பாலியல் கொடுமைகள் பற்றி அமெரிக்காவில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோது, தயாரிப்பாளர்களுக்கு உறுத்தியது. பிள்ளை உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோமோ? 1985இல் ஸ்னஃபியை எல்லார் கண்ணிலும் படவைத்தார்கள். நல்ல நகைச்சுவை ஒன்று போனது. போனால் போகட்டும்.

பொம்மை பேசிவிட்டு நடுவில் சும்மா நிற்கிறதே, ஏன்? ஒரே நிகழ்ச்சியை எத்தனை முறை பார்ப்பார்கள்?

சும்மா நிற்பதுபோல் தெரியும் அந்த நேரம் பிள்ளைக்கானது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கேள்வி காதில் விழுந்து, பதில் தோன்றி, வாயைத் திறக்க நேரம் பிடிக்கும். 1996இல் வந்த ப்ளூஸ் க்ளூஸ் இதையே அச்சாணியாக வைத்துக்கொண்டது. அதில் வருவது பொம்மை இல்லை, வரைந்த நாய்க்குட்டியும் ஓர் அண்ணனும்தான். ஒரே பகுதியைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். நாள் ஆக ஆகப் பிள்ளைகள் சலிக்கவில்லை, கூடுதலாகப் பதில் சொன்னார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அந்த வயதில் ஒரு வெற்றி. 1997இல் வந்த டெலிடப்பீஸ் நிகழ்ச்சியில் வேட உருவங்களின் வயிற்றுத் திரையில் ஒரு படம் ஓடி முடிந்ததும் "மறுபடியும், மறுபடியும்" என்று கத்துவார்கள், அதே படம் முழுசாக மறுபடி ஓடும். பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும்.

உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும், பொம்மை எங்கே பார்க்கிறது என்று?

காலடியில் ஒரு சின்ன டிவி இருக்கும். கேமராவில் தெரிவதை அப்படியே அதில் பார்த்துக்கொண்டு இயக்குவார்கள். ஹென்சன் 1955இல் வாஷிங்டனில் தன் சொந்த டிவி பொம்மை நிகழ்ச்சியைத் தொடங்கியபோதே மரச் சட்டமும் திரைச்சீலையும் கொண்ட பழைய பொம்மை மேடையை விட்டுவிட்டார். டிவி பெட்டியின் சட்டமே மேடை. அதனால் பொம்மை பிள்ளையின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் வந்து பேச முடிந்தது. நம்மூர் பொம்மலாட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து மரப் பொம்மைகளில் சில நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை. ஆட்டுபவர் தலையில் வளையம் மாட்டி அதிலிருந்து கயிறு தொங்கும். ஊர்க்கூட்டம் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், அதனால் அங்கே கை, கால், நடை, சலங்கைச் சத்தம்தான் நடிப்பு. டிவி பொம்மைக்கு முகம்தான் நடிப்பு.

கெர்மிட் என்ற தவளையும் இன்னும் பல பொம்மைகளும் ஏன் இடதுகைப் பழக்கம் உள்ளவை தெரியுமா? ஆட்டுபவர்களில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள். வலதுகை பொம்மையின் தலைக்குள் போய்விடும், மிச்சமிருக்கும் இடதுகைதான் பொம்மையின் கையை அசைக்கும்.

பிக் பேர்டுக்குள் இன்னும் சிரமம். ஸ்பின்னி வலதுகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார், அதுதான் பறவையின் கழுத்தும் அலகும். இடதுகை இடது இறக்கைக்குள். வலது இறக்கை ஒரு மீன்பிடி நரம்பால் இடது இறக்கையோடு கட்டப்பட்டிருக்கும், ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும். வெளியே பார்க்க ஓட்டை கிடையாது. மார்பில் கட்டிய குட்டித் திரையைப் பார்த்தே நடந்தார், ஆடினார், ஸ்கேட்டிங்கூடப் போனார்.

என் மகனுக்கு டிவியில் எல்மோ என்றால் உயிர். செந்தோசா தீவில் வேடம் போட்ட எல்மோவைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். ஏன்?

டிவியில் எல்மோ அவன் கைக்குள் அடங்கும் அளவு. செந்தோசாவில் அப்பாவைவிட உயரம். டிவியில் வாய் அசையும், தலை சாயும், அவன் பெயரைச் சொல்லாவிட்டாலும் அவனிடமே பேசும். வேட உடைக்காரர் பேச மாட்டார், அகலத் திறந்த சிரிப்பு அப்படியே உறைந்திருக்கும். அசைவை வைத்து அறிமுகமான முகம், அசையாமல் கிட்டே வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? படம் எடுக்க அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். தூரத்திலிருந்து கை அசைக்கட்டும், போதும்.

என் மகனுக்கு ஒன்றரை வயது. பொம்மை நிகழ்ச்சி போட்டுவிட்டால் பேச்சு சீக்கிரம் வருமா?

வராது. இரண்டு வயதுக்கும் சற்று மேல்வரை, பிள்ளைகள் திரையில் பார்த்துக் கற்பது, நேரில் ஒருவர் செய்துகாட்டிக் கற்பதைவிடக் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டியில், 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வீடியோ அழைப்பைத் தவிர திரையே வேண்டாம் என்கிறது. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பார்ப்பாரில்லாமல் பின்னணியில் டிவி ஓடுவதும் கூடாது. சாப்பாட்டு நேரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பாட்டிமார் மன்னிக்க வேண்டும்.

இதெல்லாம் பொம்மை விற்கச் செய்யும் தந்திரம்தானே?

பாதி உண்மை. 1996 கிறிஸ்துமஸ் சமயம் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும் எல்மோவுக்காக அமெரிக்கக் கடைகளில் பெரியவர்கள் முட்டி மோதினார்கள். செசமி ஸ்ட்ரீட்டைத் தயாரிப்பது லாப நோக்கமற்ற அமைப்புதான், ஆனால் உரிமம் விற்று வரும் பணமும் அதற்கு வருமானம். கண்ணையும் கன்னத்தையும் வைத்துப் பிள்ளையை இழுக்கத் தெரிந்தவர்கள் எண் சொல்லித்தரவும் செய்யலாம், சாக்லேட் விற்கவும் செய்யலாம்.

பாடம் சொல்பவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எழுத்துகள் ஒரு பக்கம், துள்ளும் பொம்மை இன்னொரு பக்கம் என்று காட்டினால், பிள்ளையின் கண் பொம்மையை விட்டு நகராது. பொம்மையே எழுத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும், பிறகு அசையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையும் எழுத்தைப் பார்க்கும்.

தமிழ் பேச வைக்கப் பொம்மை உதவுமா? என் மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள்.

நான் வைத்திருப்பது ஒரு மைனாப் பொம்மை, பெயர் கிட்டு. காப்பிக்கடை மேசையில் சாப்பாடு திருடும் மைனாவைத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. கிட்டுவுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. "ஐ வான்ட் வாட்டர்" என்றால் தலையைச் சாய்த்து முழிக்கும், என்னைப் பார்க்கும், மறுபடி பிள்ளையைப் பார்க்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன். சற்று நேரத்தில் "தண்ணி" என்று ஒரு குரல் வரும். கிட்டு உடனே தண்ணீர் தேடி ஓடும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும், ஆகவே தமிழில் சொல்ல அவசியம் இல்லை. கிட்டுவிடம் அந்த வழி அடைபட்டிருக்கிறது. திருத்தவும் கூடாது. "தண்ணி வேணும் சொல்லு" என்று நீங்கள் குறுக்கே வந்தால் மைனா செத்துப்போய்த் துணியாகிவிடும். தமிழ் நிகழ்ச்சியை டிவியில் பார்த்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மை கேள்வி கேட்டதும் பிள்ளை முகத்தைப் பாருங்கள். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் பொம்மை செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

பழைய காலுறை போதும். ஹென்சனே முதல் கெர்மிட்டை அம்மாவின் பழைய மேல்கோட்டிலிருந்தும், இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்திலிருந்தும்தான் செய்தார். கண்ணைக் கடைசியில் ஒட்டுங்கள், அதுவும் கண்ணாடி முன் நின்று.

வாய் அசைவில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். பேசும்போது மேல் விரல்களைத் தூக்கினால் பொம்மையின் தலை பின்னால் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கூரையைப் பார்க்கும். விரல்களை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் கீழே இறக்குங்கள், தாடை இறங்கும், பார்வை பிள்ளை மேலேயே இருக்கும். ஒலி வரும்போது வாய் திறக்க வேண்டும், மூடக் கூடாது. "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள்: "அ"வுக்குத் திறந்து, "ம்"முக்கு மூடி, "மா"வுக்கு மறுபடி திறக்கும். "சாப்பிட்டாச்சா" போன்ற நீளச் சொல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் படபடவென்று அடிக்காதீர்கள். "சா", "டா", "சா" என்று மூன்று இடத்தில் திறந்தால் போதும்.

பேசாத நேரத்திலும் மூச்சு வாங்குவதுபோல் மணிக்கட்டு லேசாக அசைந்துகொண்டிருக்கட்டும்.

மூத்தவனுக்கு ஏழு வயது. "பொம்மையெல்லாம் பேபிக்கு" என்கிறான்.

சரி என்று சொல்லிவிட்டு, பொம்மையை அவன் கையில் கொடுத்து, தங்கைக்குக் கதை சொல்ல ஆள் வேண்டும் என்று கேளுங்கள். மேசைக்கு அடியில் புகுந்தான் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வெளியே வர மாட்டான்.